அறுத்த பாவின் நுனி

ஓய்வு பெற்ற பிறகு அலுவலகத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். போன மாதம் ஏதோ காரியமாகக் கூப்பிட்டார்கள், போனேன். சாப்பாட்டு நேரம். சின்னஞ்சிறுசுகள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். இப்போது அவர்கள் எழுதுகிற புது மொழியில், திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியை மறுபடி தொட முயன்றால் புரோகிராமை மொழிபெயர்க்கிற கம்பைலரே முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிடுமாம். புரோகிராம் பிறப்பதற்கு முன்பே தப்பு செத்துப்போகிறது. "அப்ப நீங்கல்லாம் என்ன சார் பண்ணீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். என்ன பண்ணினோமா! ஆரம்பித்தேன் பாருங்கள், அவர்கள் சாப்பாடெல்லாம் ஆறிப்போய்விட்டது. அப்படியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே கொட்டிவிடுகிறேன்.

கர்னல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரின் மெமரியை எங்கள் ஊரில் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் சத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். கர்னல்தான் மேனேஜர். அறை கேட்பவனுக்குச் சாவி கொடுப்பார், காலி செய்ததும் அதே அறையை அடுத்தவனுக்குக் கொடுப்பார். காலி செய்தவன் கள்ளச்சாவி ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய ஞாபகத்தில் உள்ளே நுழைந்து எதையாவது கலைத்துவிட்டான் என்று வையுங்கள். கூச்சல் போடுவது யார்? புதிதாக வந்து தங்கியிருக்கிறவன். கலைத்தவன் எப்போதோ பஸ் ஏறிப் போயிருப்பான். மெமரி கிராஷ் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்கத்தான் என் ஆயுளில் பாதி போனது, சந்தோஷமாகவே போனது.

நான் காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டுக்காரன். அப்பா டவுன் பஸ் டிரைவர். பாலிடெக்னிக் முடித்து, தொண்ணூறுகளில் சென்னையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். தினமும் போக வர பஸ். அங்கேதான் கர்னல் என்ற பூதத்தோடு பழக்கம். முதல் வருடம் எதைத் தொட்டாலும் எக்ஸ்சேஞ்சு படுத்துக்கொண்டது. நான்காவது வருடத்தில் படுத்ததை எழுப்பத் தெரிந்தது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எங்கள் ஊரிலேயே ஒரு சின்னக் கம்பெனி திறந்தார்கள். கர்னல் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன்.

கம்பெனி செய்தது ஒரே ஒரு பொருள். கையால் நெய்யும் பட்டுத் தறியின் மேலே ஜக்காடு என்று ஒரு பொறி உட்கார்ந்திருக்கும். துளைபோட்ட அட்டைகள் அதில் வரிசையாகச் சுற்றி வரும். நெசவாளி மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எந்தெந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று அட்டைதான் சொல்லும். முந்தியில் மயிலும் யாளியும் வருவது அப்படித்தான். நாங்கள் அட்டையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு எலக்ட்ரானிக் பெட்டியை வைத்தோம். டிசைன் பெட்டியின் மெமரியில் இருக்கும். இழையைத் தூக்கும் கொக்கிகளைப் பெட்டியே இயக்கும். உள்ளே இலவசமாகக் கிடைக்கும் ஒரு கர்னல், அதன்மேல் கொக்கிகளை இயக்க நாங்கள் எழுதிய டிரைவர் என்ற புரோகிராம்.

முதல் பெட்டி ஏறியது பிள்ளையார்பாளையத்தில் குமரேசன் வீட்டுத் தறியில். அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். புது நூலோ புதுச் சாயமோ எது வந்தாலும், குமரேசன் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். பெட்டி அவர் தறியில் நிலைத்தால் ஊர் முழுக்க நிலைக்கும். அவர் கழற்றினால் நாங்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான், எனக்கு மறுபடி சென்னை பஸ்தான். நாற்பதைத் தொடப்போகிற வயதில் மறுபடி அதில் ஏற எனக்கு உத்தேசமில்லை.

பெட்டி நின்றது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப நின்றது. நிற்கும்போது தூக்கியிருந்த கொக்கிகள் எல்லாம் சடசடவென்று விழும். மயிலின் கழுத்து பாதியில் தொங்கும். குமரேசன் போட்ட ஊடையை, அதாவது குறுக்கு இழையை, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பட்டு பிசிறாமல் பார்த்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை போலிருக்கும்.

எங்கள் தலைவி வைதேகி மேடம். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், வேதபாராயணக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது சின்னவர். நெற்றியில் மெல்லிய கோடு, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. அவரிடம் வேலை பார்ப்பது ஒரு அனுபவம். கிராஷ் ரிப்போர்ட்டைத் திரையில் காட்டினால் பார்க்க மாட்டார். "வாயால சொல்லுங்கோ" என்பார். எந்த முகவரியில் விழுந்தது, அப்போது புரோகிராமின் எந்தப் பங்க்‌ஷன் ஓடியது, அதை யார் கூப்பிட்டார்கள் என்று பாடம் ஒப்பிப்பது போல் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல, நமக்கே தெரியாத இடத்தில் நாக்கு தடுமாறும். அங்கேதான் நிறுத்துவார்.

அறையில் ஒரு கரும்பலகை. நடுவில் கோடு. இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. பார்த்ததை மட்டும்தான் இடப்பக்கம் எழுதலாம். ஒரு நாள் நான் ஆர்வக்கோளாறில் 'வோல்டேஜ் குறைந்ததால் நின்றது' என்று இடப்பக்கம் எழுதிவிட்டேன். மேடம் எழுந்து வந்து உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். சாக்பீஸ் தூள் அவர் புடவையெல்லாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வோல்டேஜ் மீட்டரை வைத்துப் பார்த்ததில் அவர் அழித்தது சரிதான் என்று ஆனது.

வோல்டேஜ் இல்லை. சூடும் இல்லை, பெட்டிக்கு இரண்டு ஃபேன் வைத்தும் நின்றது. மெமரி சிப்பை மாற்றினோம், நின்றது. டிரைவர் எழுதிய லோகநாதன், ஐயம்பேட்டைப் பையன், தூசியாக இருக்கும் என்று பெட்டியைச் சேலை சுற்றுகிற மாதிரி துணியில் சுற்றிப் பார்த்தான். அதற்கும் நின்றது. பலகையின் வலப்பக்கம் காலியாகிக்கொண்டே வந்தது.

இடப்பக்கத்தில் ஒரு விசித்திரம் மட்டும் மிஞ்சியது. கிராஷ் ஒரு தடவை டிஸ்க் பகுதியில், ஒரு தடவை நெட்வொர்க் பகுதியில், இன்னொரு தடவை கடிகாரம் பார்க்கிற பகுதியில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்கள். அத்தனையும் ஊர் உலகமெல்லாம் ஓடி நிரூபித்த புரோகிராம். அதைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றேன். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கெட்டவர்களாக இருக்க முடியாது. அத்தனை பேருமே புதிதாக அறைக்கு வந்தவர்கள்!

"மேடம், இவங்கல்லாம் அடிபட்டவங்க. அடிச்சவன் வேற" என்றேன். மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். வலப்பக்கத்தில் எழுதச் சொன்னார்.

பொறி வைத்தோம். சத்திரத்தில் அறை காலியானதும் தரையெல்லாம் கோலமாவைத் தூவி வைத்தால், அடுத்தவன் வருவதற்குள் எவன் நுழைந்தாலும் கால்தடம் விழும் அல்லவா? அதேபோல, திருப்பிக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு மெமரிப் பக்கத்திலும், அதாவது அறையிலும், ஒரே எண்ணை வரிசையாக நிரப்பிவிட்டு, மறுபடி யாருக்காவது கொடுக்கும் முன் அந்த வரிசை கலைந்திருக்கிறதா என்று பார்க்கும்படி கர்னலை மாற்றினோம். அலுவலகத்தில் ஒரு வாரம் ஓட்டினோம். ஒரு தடம்கூட விழவில்லை. குமரேசன் தறியில் போட்டோம். விழுந்தது! ஒரு பக்கத்தில், ஒரே ஒரு பைட், ஓர் எழுத்து அளவு, மாறியிருந்தது. மீதி மாவெல்லாம் வைத்தது வைத்தபடி. நான் பஜாரில் சைக்கிளை விட்டு இறங்கி மேடத்துக்கு போன் போட்டேன். மூச்சு வாங்கியதில் அவருக்குப் பாதி புரியவில்லையாம்.

ஆனால் தடம் தெரிந்ததே தவிர ஆள் தெரியவில்லை. பெட்டி நின்றது நின்றதுதான். அன்று குமரேசன் ஊடை நூலை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக எங்களைப் பார்த்துப் பேசினார்.

"இன்னொரு தபா நின்னுச்சுன்னா கழட்டிடுவேன்பா. பழைய அட்டை பரண்மேலதான் இருக்குது."

இங்கேதான் எங்களுக்குத் தொண்டையில் முள். அடுத்த பொறி ஒன்று இருந்தது: காலியான அறையை மாவு தூவி விட்டுவிடாமல், பூட்டி மணி கட்டிவிடுவது. திருப்பிக் கொடுத்த பக்கத்தை யாருமே தொட முடியாதபடி கர்னல் மூடி வைக்கும். தொட்டவன் தொட்ட கணத்திலேயே, அந்த வரியிலேயே பிடிபடுவான். பிடிபட்டால் பெட்டி நிற்கும். நிற்க வேண்டும் என்றுதான் அந்தக் கர்னலே! அவரோ நின்றால் கழற்றுவேன் என்கிறார். எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கிராஷ்.

சொல்லாமல் மாட்டிவிடலாம் என்றேன் நான். மேடம் கேட்கவில்லை. நேரே போய்க் குமரேசனிடமே சொன்னார். இது ஓடுவதற்காகப் போடுவதில்லை, நிற்பதற்காகப் போடுவது. கொஞ்சம் மெதுவாகவும் இருக்கும் என்றார். குமரேசன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க எதுக்கு வேணா போட்டுக்கோங்கம்மா. நின்னா கழட்டுவேன். அவ்ளோதான்."

போட்டோம். லேப்டாப்பைக் கேபிளில் கோத்து, நானும் லோகநாதனும் முறை வைத்து உட்கார்ந்தோம். பெட்டி ஓடியது ஓடியதுதான்! குமரேசன் பார்டரும் உடலும் கோத்து நெய்கிறார், மயில் வருகிறது, முந்தி முடிகிறது, ஒன்றும் நடக்கவில்லை. நிற்கக் கூடாதபோதெல்லாம் நின்ற பெட்டி, நில்லடா என்றால் நிற்க மாட்டேன் என்கிறது. எனக்கு அதைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த இழைகள், அதாவது பாவும், தீர்ந்துபோனது.

நான் நெசவுக் குடும்பம் இல்லை; பாவு மாற்றுவதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். நெய்து முடித்த சேலையை அறுத்து எடுக்கிறார்கள். ஆனால் பழைய பாவின் நுனியை உருவிவிடுவதில்லை. சீப்பு போன்ற அச்சுக்குள் நுழைந்தபடியே அது நிற்கிறது. புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழை. பிறகு மெல்ல இழுத்தால், பழையது புதியதைக் கைப்பிடித்து உள்ளே கூட்டி வந்துவிடுகிறது. தறியை வெறுமையாக விடும் பேச்சே இல்லை. குமரேசன் பெட்டியையும் அப்படியே நடத்தினார். பழைய டிசைனை மூடவில்லை. அது திறந்திருக்கும்போதே புது டிசைனை அதன்மேல் ஏற்றினார். அலுவலகத்தில் நாங்கள் ஒவ்வொரு டிசைனையும் ஒழுங்காக மூடிவிட்டுத்தானே அடுத்ததைத் திறப்போம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் மிதியை அழுத்திவிட்டார்.

நின்றது. முதல் ஊடை விழும் முன்பே நின்றது.

லேப்டாப் திரையில் எழுத்துகள் ஓடின. கண்ணை இடுக்கிப் படித்தேன். மூடிய பக்கத்தில் எழுத முயற்சி. எழுத முயன்றவர்: எங்கள் டிரைவர். பங்க்‌ஷன்: டிசைனை இணைக்கிற பங்க்‌ஷன். அடேயப்பா! கையும் களவுமாக, சட்டைக் காலரோடு! நான் எழுந்து குதித்ததில் தலை கூரைச் சட்டத்தில் இடித்தது. அங்கேயிருந்தே மேடத்துக்கு போன். அவர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்ததும் வாயால் ஒப்பித்தேன், ஒரு இடத்திலும் நாக்கு தடுமாறவில்லை. மேடம் தெருவே பார்க்கக் கைதட்டினார். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்று கூட இல்லை; என் மனைவிக்கும் இது தெரியும்.

கொண்டாட்டத்தில் கலந்துகொள்ளாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் குமரேசன், ஸ்பேனர் எடுத்து வர உள்ளே போயிருந்தார். இன்னொருவன் லோகநாதன். முகம் வெளிறித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிரைவரைத் திறந்து பார்த்தோம். அவன் எழுதியிருந்தது இது: பழைய டிசைன் திறந்திருக்கும்போது புதியது வந்தால், பழைய டிசைனின் மெமரியை முதலில் திருப்பிக் கொடுத்துவிடு, பிறகு அதன் கடைசி வரிசையில் 'இணைத்தாயிற்று' என்று ஒரு குறி போட்டு, அதிலிருந்து புதியதைத் தொடங்கு. திருப்பிக் கொடுத்த அறையில் போய் ஒரு குறி! அந்த ஒரு பைட்தான் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிக் கொன்றது. குறி விழுந்தது பாவு பிணைத்த அன்று. செத்தது மயில் பாதி வளர்ந்த பிறகு. எப்படிச் சிக்கும்?

"ஏன்பா லோகு, கொடுத்துட்டதை ஏன் தொட்டே?" என்று கேட்டேன்.

"பாவை அறுத்துட்டாலும் நுனி அச்சுலயேதானே சார் நிக்கும்? அதுல முடிஞ்சாத்தானே புதுசு உள்ள வரும்? நான் அப்டியேதான் சார் நெனச்சுக்கினு எழுதினேன்."

காலேஜ் போகும்வரை தறியில் உட்கார்ந்தவன் அவன். அவனுக்கு அறுப்பது என்றால் விட்டுவிடுவது இல்லை. மெமரிக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது, விட்டால் விட்டதுதான். மேடம் அவனைப் பார்த்து, "உங்காத்துல பொறந்திருந்தா நானும் இதையேதான் எழுதியிருப்பேன்" என்றார். எங்கள் மூவரில் அந்தத் தப்பைச் செய்யக்கூடியவன் அவன் ஒருவன்தான். மேடம் சொன்னதைக் கேட்டு அவன் அழுதுவிட்டான். நான் முதுகில் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

இதற்குள் குமரேசன் ஏணி வைத்து ஏறிவிட்டார். ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம், ஒரு நாள் பொறுங்கள் என்று நான் கெஞ்சினேன். காதில் வாங்கவே இல்லை. திருகாணியைத் தளர்த்தி, கம்பியை உருவி, பெட்டியைத் துணியில் வைத்து இறக்கி என் கையில் கொடுத்தார். கனம். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜெயித்த கையோடு தோற்றுத் திரும்புவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது.

திருத்தம் நாலைந்து வரி. கடைசி வரிசையை முதலில் தனியாக நகல் எடுத்துவிட்டுப் பிறகு மெமரியைத் திருப்பிக் கொடு. லோகநாதனே எழுதினான். மேடம் அவனை வாயால் சொல்ல வைத்தார், எழுதி முடித்ததும் மறுபடி சொல்ல வைத்தார். இந்தத் தடவை அலுவலகத்திலும் குமரேசன் மாதிரியே பழையதை மூடாமல் புதியதை ஏற்றி ஏற்றிப் பார்த்தோம். பூட்டிய கர்னலிலும் மணி அடிக்கவில்லை. பலகையின் இடப்பக்கம் அதை எழுதினோம். பெட்டி இருந்தது, தறிதான் இல்லை.

கேட்டாவது பார்க்கலாம் என்று மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவரும் பிள்ளையார்பாளையம் போனோம். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம். குமரேசன் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். புதுப் பாவு பிணைத்தபடி நின்றது. தறிக்கு மேலே பெட்டி இருந்த இடம் காலி. அட்டை ஏறவில்லை. ஏணி சாய்த்து வைத்தபடி, பக்கத்தில் ஸ்பேனர். குமரேசன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கழட்டிட்டீங்களே..." என்று இழுத்தேன். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஆமா. நின்னா கழட்டுவேன்னேன், நின்னுச்சு, கழட்டினேன்" என்றார். "திரும்ப மாட்ட மாட்டேன்னு சொன்னேனா? காலையிலேர்ந்து குந்திக்கினு இருக்கேன். எம்மா நேரம்பா உங்களுக்கு?"

லோகநாதன்தான் ஏணியில் ஏறினான். திருகாணி ஒன்று கீழே விழ, வைதேகி மேடம் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். பழைய டிசைனைத் திறந்தோம். அதை மூடாமல் அதன்மேலேயே புதியதை ஏற்றினார் குமரேசன். மிதியை அழுத்தினார். கொக்கிகள் எழும்பின. நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. மறுபடி மிதி, மறுபடி நாடா. நான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு எழுத்தும் வரவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதைப் பார்க்கத்தானே அத்தனை மாதம் ஏங்கினோம்! இன்னும் பார்த்துக்கொண்டே நின்றோம், மூன்று பேரும் தறியை ஒட்டி.

குமரேசன் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தள்ளி நில்லுங்கபா. வெளிச்சத்தை மறைச்சுக்கினு."